குயவன் சூத்திரமும் ஆங்கிலமாக்கற் சபையும்

என் அச்சகம் பிழைப்பது இறந்தவர்களால்தான். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் யார் கண்ணை மூடினாலும், வருசம் முடிந்து பிக்குகளுக்கு அன்னமிடும் வருசத் தானத்துக்கு வீட்டார் ஒரு சின்னத் தர்மப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். உள்ளே புத்தரின் வார்த்தை. பின்னட்டையில் இறந்தவரின் படம், படத்தின் இரு பக்கமும் விளக்கு, கீழே பிறந்த நாள், இறந்த நாள், ‘இந்தப் புண்ணியம் இன்னாரைச் சேர்வதாக’ என்று ஒரு வரி. தானத்தன்று விகாரையின் பெரிய பிக்கு, பெரிய ஹாமதுரு, அந்த வரியை உரக்க வாசிப்பார், வீட்டுக்காரர் செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் வார்ப்பார், கூட்டம் ‘சாது’ சொல்லும், புண்ணியம் போய்ச் சேர்ந்துவிடும். புத்தகத்தைப் படித்தால் இன்னும் சீக்கிரம் போகும் என்பார்கள். அதை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டிங்கிரி பண்டா என் நண்பர். மகியங்கனை ரோட்டின் அத்தனை வளைவிலும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சுமனா மெனிக்கே பள்ளியில் பாலி கற்பித்தவர். மகள் மெல்பேர்னில் டேரன் என்ற ஒரு குழாய் வேலைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். டேரன் ஒருமுறை வந்திருந்தபோது, சாயங்காலமானால் மாமியார் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். சிங்களமும் தெரியாத, பாலியும் தெரியாத அந்த மனிதருக்காக, சமையல் முடிந்த வேளைகளில் உட்கார்ந்து, டீச்சர் அதை ஆங்கிலத்தில் எழுதினார்.

அதிகம் யாரும் ஓதாத ஒரு சின்னச் சூத்திரம் அது. மனைவியை இழந்த குயவன் ஒருவன் புத்தரிடம் வந்து, ‘அவள் எங்கே போனாள்?’ என்று கேட்கிறான். புத்தர் பேசவில்லை. மறுபடி கேட்கிறான். அப்போதும் பேசவில்லை. மூன்றாம் தடவை அழுதுகொண்டே கேட்கிறான். ‘எனக்கும் ஒரு பிடி மண் கொடு’ என்று சொல்லி, புத்தர் அவனோடு சக்கரத்தின் பக்கத்தில் உட்காருகிறார். அவ்வளவுதான் சூத்திரம்.

எழுதி முடித்த மாதமே டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார். சாவீட்டில் டேரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தார். படித்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். யாரோ தேநீர் நீட்டினார்கள், அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். பண்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதலாளி, வருசத் தானத்துக்கு இதையே அடிச்சிடுவோம்” என்றார் என்னிடம். “அவ எழுதினது. அவளுக்கே புண்ணியமாப் போய்ச் சேரட்டும். அவளுக்குன்னு நான் வேற என்ன செஞ்சேன், பஸ் ஓட்டினதைத் தவிர?”

நான் கணினியில் எழுத்துக் கோத்தேன். முன்னட்டையில் ‘ஆங்கிலத்தில்: சுமனா மெனிக்கே’. முன்னுரையில் டீச்சர் எழுதியிருந்தபடியே, ‘அன்பு மருமகன் டேரனுக்கு, உன் மாமியார் சுமனா மெனிக்கே’. பின்னட்டையில் படம், விளக்கு, ‘காலஞ்சென்ற சுமனா மெனிக்கேயை இந்தப் புண்ணியம் சேர்வதாக’. மெஷினில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்துத்தான் திரிபிடக ஆங்கிலமாக்கற் சபை பிறந்தது.

நவீன வாசகர்களுக்காகப் புத்தரை ஆங்கிலத்தில் காப்பாற்றுவது சபையின் நோக்கம். சபையின் முத்திரை இல்லாமல் யாராவது ஒரு வரியை ஆங்கிலத்தில் அச்சடித்தால் அச்சகத்துக்கே சீல் வைப்பார்கள். ஆகவே பண்டாவும் நானும் பெரஹர ஊர்வலம் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனோம்.

முதல் கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “மூல ஆசிரியரோட சம்மதக் கடிதம்?”

“மூல ஆசிரியர்னா?” என்றார் பண்டா.

“இதை முதல்ல சொன்னது யாரு?”

“புத்தர்.”

“இப்ப எங்க இருக்காரு?”

பண்டா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “பரிநிர்வாணம் அடைஞ்சிட்டாரு, நோனா.”

“பிள்ளைங்க?”

“ஒரு மகன். அவரும் துறவியாப் போயிட்டாரு.”

“குடும்பமே இப்படியா?” அம்மாள் சலித்துக்கொண்டே எழுதினார். “வாரிசு இல்லை. அப்ப சொத்து அரசாங்கத்துக்கு. அரசாங்கச் சொத்தை மொழிபெயர்க்க ஏன் முன்னாடியே அனுமதி வாங்கல? உங்க சம்சாரத்தை வரச் சொல்லுங்க.”

“அவ செத்துட்டா.”

“யாரைக் கேட்டாலும் செத்துட்டாங்கன்னா நாங்க எப்படி வேலை செய்யறது?” என்றார் அம்மாள்.

அப்போதுதான் உள் அறைக் கதவு திறந்தது. பிரதிப் பணிப்பாளர் ரவீந்திர வெலகெதர ஓடிவந்து, அத்தனை பேர் முன்னிலையிலும் பண்டாவின் காலில் விழுந்து கும்பிட்டான். இவனை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்த காலமெல்லாம் டீச்சர் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து பாலி படித்தவன். பாலியைவிடப் பொலொஸ் கறியில்தான் அவனுக்குத் தேர்ச்சி அதிகம். பிஞ்சுப் பலாக்காயை டீச்சர் காலையிலிருந்தே சின்ன நெருப்பில் வேகவைப்பார், இவன் மத்தியானம் வருவான் என்று.

“மாமா! டீச்சர் அம்மாவோட வேலையா இது? நான் உள்ள இருக்கும்போது நீங்க ஏன் கவுண்டர்ல நிக்கிறீங்க? கொடுங்க இங்க. இனி இது என் பொறுப்பு.” தாள்களோடு நான் கணினியில் கோத்த கோப்பையும் வாங்கி, தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. அதை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பண்டாவுக்கு வாயெல்லாம் பல். “நம்ம பிள்ளை இருக்கான், முதலாளி. எனக்கென்ன கவலை?”

அடுத்த தடவை எங்களைக் கூப்பிட்டது நவீன வாசகரிடம். நவீன வாசகர்களுக்காக என்றால் பலர் என்று நான் நினைத்திருந்தேன். ஒருவர்தான். அது ஒரு பதவி. கதவிலேயே பலகை மாட்டியிருந்தது: ‘நவீன வாசகர், தரம் இரண்டு’. தரம் ஒன்று இன்னும் காலியாக இருந்தது. தவிசாளர் லியனகமவின் அக்காள் மகன் கௌஷல்ய அந்தப் பதவியில் இருந்தான். வெளிநாட்டில் இரண்டு வருசம் ஏதோ படிக்கப் போய், படிக்காமல் திரும்பியவன். தான் படிப்பதில்லை என்பதே தன்னுடைய தகுதி என்று அவனே எங்களுக்கு விளக்கினான்.

“இப்ப யாரும் படிக்கிறதில்ல, அங்கிள். அதனால நானும் படிக்கமாட்டேன். யாராவது வாசிப்பாங்க, நான் கேப்பேன். எங்க கொட்டாவி வருதோ அங்க வெட்டிடுவாங்க.”

ஒரு உத்தியோகத்தர் டீச்சரின் ஆங்கிலத்தை வாசித்தார். இன்னொருவர் கொட்டாவிகளைக் குறித்துக்கொள்ளப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். குயவன் வந்தான். மனைவி எங்கே என்று கேட்டான். புத்தர் பேசவில்லை.

“ஏன் பேசல?” என்றான் கௌஷல்ய. “சிக்னல் இல்லையா?”

மறுபடி கேட்டான். புத்தர் மறுபடியும் பேசவில்லை. நவீன வாசகர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். பென்சில் ஓடியது. இதை இப்படியே விட்டால் வாசகர்கள் பக்கம் விட்டுப்போயிற்று என்று புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருவார்கள், புத்தர் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. மௌன உபகுழு என்று ஒன்று அமைத்தார்கள். அந்தக் கட்டடத்திலேயே அதிகம் சத்தம் போட்ட குழு அதுதான். கடைசியில் குயவன் முதல் தடவை கேட்கும்போது புத்தர் ‘அருமையான கேள்வி!’ என்றும், இரண்டாம் தடவை ‘உங்கள் வலி எனக்குப் புரிகிறது’ என்றும் சொல்வதாக ஆங்கிலத்தில் சேர்த்தார்கள். மூன்றாம் தடவை அவர் மண் கேட்பது ஒருவித யாசகமாகத் தெரிந்ததால், குயவனுக்குத் தொழில் ஆலோசனை வழங்குவதாக மாற்றினார்கள்.

துக்கம் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று மூன்று பேராசிரியர்கள் மூன்று சொல் கொண்டுவந்தார்கள். ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்பதில்லை. உல்லாசப் பிரயாணத்துறையிலிருந்து வந்தவரோ எந்தச் சொல்லையும் ஏற்கவில்லை. “நாட்டுக்கு ஆள் வரவேண்டிய நேரம் இது. புத்தகத்தைத் திறந்தா துக்கம்னு இருந்தா எவன் ஹோட்டல்ல தங்குவான்?” என்றார். சமரசமாக, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் மூன்று புள்ளி வைத்தார்கள். வாசகர்கள் அவரவர் துக்கத்தை அவரவரே நிரப்பிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நான் சிங்களத்தில் சொல்லச் சொல்லப் பண்டாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. வெளியே தாழ்வாரத்தில் வெலகெதர அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, இதெல்லாம் சின்னச் சின்ன மாத்தம். சபைன்னா அப்படித்தான். டீச்சர் அம்மா பேரு மட்டும் எங்கயும் போகாது. தானத்தன்னைக்குப் புத்தகம் உங்க கையில இருக்கும். தவிசாளரையே கூட்டிட்டு வர்றேன்.”

“அவ பேரு இருந்தாப் போதும் மகன்” என்றார் பண்டா. “மத்ததை அவ மன்னிச்சிடுவா.”

வருசத் தானத்தன்று பண்டாவின் வாசலில் பந்தல் போட்டிருந்தது. பெரிய ஹாமதுருவும் மற்றக் குருமாரும் வெள்ளை விரித்த ஆசனங்களில் இருந்தார்கள். டேரனும் மகளும் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தார்கள். சபைக்காரர்கள் கமராக்களோடு வந்து, வீட்டார் உட்காரும் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டார் பந்தல் காலோரம் ஒதுங்கினார்கள். தானம் சபையின் வெளியீட்டு விழாவாக மாறியது அப்படித்தான்.

தவிசாளர் லியனகம எழுந்து பேசினார். “கௌரவத்துக்குரிய மகாசங்கத்தினரே! இந்த நூலை நான் படிக்கல. பெருமையோட சொல்றேன், படிக்கல. படிச்சாப் பற்று வரும். பற்றுத்தான் எல்லாத்...” இங்கே நின்று, கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். “எல்லாப் புள்ளி புள்ளி புள்ளிக்கும் காரணம்னு புத்தர் சொல்லியிருக்காரு. எங்க சபை ஆரம்பிச்சதுலருந்து ஒரு நூல்லயும் பிழை வந்ததில்ல. ஏன்னா ஒரு நூலும் வந்ததில்ல. இதுதான் முதல் நூல்! முத்திரை போட்டாச்சு. முத்திரை போட்டதுல பிழை இருக்காது. இருந்தாலும் அது பிழையில்ல. அதுதான் சட்டம்.”

கைதட்டினார்கள். புத்தகத்தைப் பங்கிட்டார்கள். பளபளவென்ற அட்டை. டை கட்டிய குயவன் ஒருவன் சக்கரத்தின் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். தலைப்பு, ‘துயரிலிருந்து தொழில் வெற்றிக்கு’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. துயர் வரவேண்டிய இடத்தில் மூன்று புள்ளி. அமைச்சர், தவிசாளர், நவீன வாசகர் எல்லோருடைய ஆசிச் செய்திகளும் முடிந்த பிறகு, கடைசியில் நான்கு பக்கம் சூத்திரம்.

டேரன் புரட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். “அம்மா எங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இதுல அம்மாவைக் காணோமே?” விரலால் முன்னுரையைக் காட்டினார். நான் படித்தேன். ‘அன்பு மருமகன் டேரனுக்கு, உன் மாமியார் ரவீந்திர வெலகெதர.’ முன்னட்டையைத் திருப்பினேன். ‘ஆங்கிலத்தில்: ரவீந்திர வெலகெதர.’

நான் கோத்துக் கொடுத்த கோப்பை அப்படியே எடுத்து, கணினியில் ஒரு பொத்தானை அமுக்கி, சுமனா மெனிக்கே இருந்த இடமெல்லாம் தன் பெயரைப் போட்டிருக்கிறான். முழுதாக ஒருமுறை படித்துப் பார்த்திருந்தாலாவது அந்த மாமியாரைக் கண்டுபிடித்திருப்பான். படிக்காமல் வெளியிடுவதுதான் அங்கே வழக்கமாயிற்றே.

பண்டாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். அவர் நேராக வெலகெதரவிடம் போனார்.

“மகன், அவ பேரு எங்க?”

“மாமா, மெதுவாப் பேசுங்க, கமரா இருக்கு. சபை விதி அப்படி. மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போட்டாத்தான் முத்திரை விழும். இறந்தவங்க கையெழுத்துப் போட முடியாதில்லையா? யாராவது உயிரோட இருக்கிறவங்க போடணும். வேற யாரோ போடறதுக்குப் பதிலா, அம்மாவோட பிள்ளை மாதிரி நான் போட்டேன். அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க.”

பண்டா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காமல் போனால் ஒரு டிரைவர் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தது முகம். அதற்குள் பெரிய ஹாமதுரு கூப்பிட்டுவிட்டார். தண்ணீர் வார்க்கும் நேரம். பண்டா போய்ச் செம்பை எடுத்தார்.

ஹாமதுரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி, சிங்களத்தில் இருந்த வரியைக் கணீரென்று வாசித்தார்.

“காலஞ்சென்ற... ரவீந்திர வெலகெதரவை... இந்தப் புண்ணியம் சேர்வதாக.”

“சாது! சாது! சாது!” என்றது பந்தல் முழுவதும். கூட்டத்துக்குப் பழக்கம். எந்தப் பெயர் வந்தாலும் சொல்லிவிடும். வெலகெதரவும் கைகூப்பிச் சொன்னான். மூன்றாவது சாதுவில்தான் அவனுக்கு உறைத்தது.

பின்னட்டையில் அவன் படம்தான் இருந்தது. பெயர் எங்கே வருகிறதோ அங்கே உரியவரின் படத்தைப் போடவேண்டும் என்று சபையின் ஓவியப் பிரிவுக்கு உத்தரவாம். இரண்டு விளக்குக்கு நடுவில் டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே டீச்சர் பிறந்த நாளும் இறந்த நாளும் அப்படியே இருந்தன. அந்தக் கணக்குப்படி அவன் தன்னைப் பெற்ற அப்பனைவிட மூத்தவன். பந்தலில் இரண்டொரு பெண்கள் வெலகெதரவைப் பார்த்து, இவ்வளவு நல்ல நிலைமையில் இருக்கிற ஆவியை இதுவரை கண்டதில்லை என்பதுபோல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பண்டாவைப் பார்த்தேன். அவர் வார்த்த தண்ணீர் கிண்ணம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. வருசம் முழுவதும் அவளுக்கென்று சேர்த்துவைத்தது, சோறு போட்டு வளர்த்த ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் சபை அவசரமாகக் கூடியது. முத்திரை போட்டதில் பிழை இருக்க முடியாது. ஆகவே வெலகெதர இறந்திருக்கவேண்டும். ஆனால் அவன் கூட்டத்துக்கு வந்திருந்தான். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, வெலகெதர தினமும் அலுவலகத்துக்கு வரலாம், ஆனால் இறந்தவர்கள் கையெழுத்துப் போட முடியாது என்ற விதி அவனுக்கும் பொருந்தும் என்று தீர்மானித்தார்கள். அவனே எழுதிய விதி அது. அதன்பிறகு எந்தக் கோப்பிலும் யாரும் அவன் கையெழுத்தை ஏற்கவில்லை. முதல் கவுண்டர் அம்மாள் மட்டும், “ஐயோ பாவம், சின்ன வயசு” என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாராம்.

இதிலிருந்து மீள விதியில் ஒரே வழி இருந்தது. உண்மையில் இறந்தவரின் குடும்பத்தார், இறந்தது இன்னாரென்று எழுதிக் கொடுத்தால் சபை ஒரு திருத்தம் வெளியிடலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெலகெதர பண்டாவின் வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். மறுபடி காலில் விழுந்தான். பண்டா காலை இழுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று, சோறும் பொலொஸ் கறியும் போட்டார். மனைவி செய்வதைப் பார்த்துப் பழகிய கறி. அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். “மாமா, ஒரு வரி போதும். இறந்தது டீச்சர் அம்மாதான்னு எழுதி ஒரு கையெழுத்து. என் வாழ்க்கையே இதுல இருக்கு.”

“எந்த டீச்சர் அம்மா?” என்றார் பண்டா.

“என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க?”

“உங்க புத்தகத்துல அப்படி யாரும் இல்லையே. முதலாளி தேடிப் பார்த்தாரு, என் மருமகன் தேடிப் பார்த்தான். இல்லாத ஆளு எப்படிச் சாவா?” பண்டா தாளை அவன் பக்கமே தள்ளினார். குரல் உயரவில்லை. “இந்த வீட்டுல சுமனா மெனிக்கேன்னு ஒருத்தி இருந்தா, அந்தச் சூத்திரத்தை இங்கிலீசுல எழுதினது அவதான்னு முதல்ல நீ எழுதிக் கொடு. அவ செத்துட்டான்னு அப்புறம் நான் எழுதிக் கொடுக்கறேன்.”

வெலகெதர பேனாவைத் திறந்தான். தாளைப் பார்த்தான். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். டீச்சர் உட்கார்ந்து பாலி சொல்லிக்கொடுத்த முக்காலி அங்கே இருந்தது. எழுதினால் உயிர் திரும்பும், ஆனால் அட்டையிலிருந்து பெயர் போய்விடும். இதற்கு அவனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “நான் யோசிச்சுச் சொல்றேன் மாமா” என்று எழுந்து போனான்.

அந்த வருச முடிவில் சிறந்த மொழிபெயர்ப்பாளருக்கான விருது காலஞ்சென்ற ரவீந்திர வெலகெதரவுக்கு வழங்கப்பட்டது. அவனே மேடையேறி வாங்கிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எழுந்து போன பிறகு, பண்டா அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே நின்றார். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது, குழாயை மூடவில்லை.

“ஒரு வரிதான் முதலாளி” என்றார். “அவ பேரை ஒரே ஒரு வரி எழுதியிருந்தா நானும் எழுதிக் கொடுத்திருப்பேன். செத்தே கிடக்கறேன்னு போறானே, அவ பேரை எழுத மாட்டேன்னு போறானே.”